டி.வி.க்கும் ஒரு பூட்டு வேண்டும்

(திருப்பதியில் நடந்த அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பிள்ளையும் மாட்டுப்பெண்ணும் வேலைக்குப் போய்விடுகிறார்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும் பேரக் குழந்தைகளுக்கு, அவர்கள் திரும்பி வரும்வரை தாத்தா பாட்டிதான் காவல். இங்கே பல வீடுகளில் இதுதான் நடைமுறை. அந்த இரண்டு மூன்று மணி நேரம் ரிமோட் யார் கையில் இருக்கிறது? ஆகவே டி.வி. பூட்டைப் பற்றி நாமும் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

தூர்தர்ஷன் மட்டும் இருந்த காலத்தில் நேரமே பூட்டாக இருந்தது. கேபிள் வந்தபின், குழந்தைகள் அதிகம் பார்க்கும் நேரத்தில் அவர்களுக்கு ஒவ்வாத நிகழ்ச்சிகளைக் காட்டக் கூடாது என்று 1994-ஆம் வருஷத்து கேபிள் டி.வி. விதிகள் சொல்லின. அதுவும் கடிகாரத்தை நம்பிய விதிதான். இன்றைய ஓ.டி.டி.க்குக் கடிகாரமே கிடையாது. எந்தப் படமும் எந்த நேரமும் கிடைக்கும்.

இதற்காக 2021 பிப்ரவரியில் மத்திய அரசு புது விதிகள் கொண்டுவந்தது. ஓ.டி.டி. நிறுவனங்கள் நிகழ்ச்சிகளை யு, யு/ஏ 7+, யு/ஏ 13+, யு/ஏ 16+, ஏ என்று ஐந்தாகப் பிரிக்க வேண்டும். யு/ஏ 13+ முதல் மேலே உள்ளவற்றுக்குப் பூட்டு வசதி தர வேண்டும். அமெரிக்காவில் 2000-ஆம் வருஷத்திலிருந்தே 13 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள டி.வி.களில் வி-சிப் என்ற பூட்டு கட்டாயம். ஆனால் சர்க்கார் பூட்டைத் தரச் சொல்லலாம். பூட்ட வேண்டியவர் வீட்டுக்காரர்.

நம் டி.வி.க்கு மூன்று வாசல்கள் உண்டு. முதலாவது செட்டாப் பாக்ஸ். அதன் ரிமோட்டில் மெனு, செட்டிங்ஸ் என்று போனால் பேரன்டல் கன்ட்ரோல் அல்லது சேனல் லாக் இருக்கும். பின் நம்பர் கேட்கும். கம்பெனி வைத்தது பெரும்பாலும் 0000 அல்லது 1234. அதை முதலில் மாற்றிவிட்டு, வேண்டாத சேனல்களைப் பூட்டலாம். நம் பக்கத்தில் தமிழ், தெலுங்கு, ஹிந்தி, இங்கிலீஷ் எல்லாமே வருகின்றன. தமிழ் சேனலை மட்டும் பூட்டிப் பிரயோஜனமில்லை. பேரனுக்கு நம்மைவிட அதிக பாஷை தெரியும்.

இரண்டாவது டி.வி. பெட்டி. இதில்தான் பலருக்குக் குழப்பம். "டி.வி. மெனுவில் சேனலைப் பூட்டினேன், ஆனால் ஓடுகிறதே" என்பார்கள். செட்டாப் பாக்ஸ் எச்.டி.எம்.ஐ. ஒயர் வழியாகப் படத்தை மட்டும் அனுப்புகிறது. பாக்ஸில் எத்தனை சேனல் மாற்றினாலும் டி.வி.க்கு அது ஒரே இணைப்பு. சேனல் நம்பர் அதற்குத் தெரியாது. ஆகவே சேனலை பாக்ஸில்தான் பூட்ட வேண்டும். ஆப்களையும் இணைப்புகளையும் பூட்டுவதற்கு டி.வி.யின் செட்டிங்ஸ். பல ஸ்மார்ட் டி.வி.களில் இந்த வசதி இருக்கிறது.

மூன்றாவது ஆப்கள். நெட்ஃபிளிக்ஸ் போன்றவற்றில் குழந்தைக்குத் தனி புரொஃபைல் வைத்து, வயது வரம்பு போடலாம். அத்தோடு பெரியவர்களின் புரொஃபைலுக்கும் பின் நம்பர் போட வேண்டும். இல்லாவிட்டால் வாசலைப் பூட்டிக் கொல்லையைத் திறந்து வைத்த கதைதான். யூடியூபில் ரெஸ்டிரிக்டட் மோட் என்று ஒன்று உண்டு. அது சல்லடை மாதிரி, எல்லாவற்றையும் தடுக்காது. சின்னக் குழந்தைகளுக்கு யூடியூப் கிட்ஸ் மேல்.

நாலு இலக்கத்தில் 10,000 எண்கள் உண்டு. ஆனால் பேரன் பிறந்த வருஷத்தையோ வீட்டு நம்பரையோ வைத்தால் அவன் நாலைந்து தடவையில் கண்டுபிடித்துவிடுவான். பஞ்சாங்கத்தின் பின் அட்டையில் எழுதி வைப்பதும் வேண்டாம். பூட்டியபின் டி.வி.யை அணைத்து மறுபடி போட்டு, பூட்டு நிற்கிறதா என்று நாமே சோதித்துப் பார்க்க வேண்டும்.

பூட்டுக்கு அகப்படாத ஒன்றும் உண்டு. செய்திச் சேனல்களுக்கு வயது முத்திரை கிடையாது. விபத்தையும் கொலையையும் திரும்பத் திரும்பக் காட்டும் செய்தியைச் சாப்பாட்டு வேளையில் ஓடவிடுவது பெரும்பாலும் பெரியவர்களாகிய நாம்தான். 2008-லிருந்து தேவஸ்தானத்தின் எஸ்.வி.பி.சி. இருக்கிறது, அதை வைத்தால் போதும் என்கிறார்கள் சிலர். குழந்தைக்குக் கார்ட்டூனும் கிரிக்கெட்டும் வேண்டும்தானே? பக்கத்தில் உட்கார்ந்து நாமும் பார்க்கலாம்.

கடைசியாக ஒன்று. குழந்தைக்குத் தெரியாமல் பூட்டாதீர்கள். ஏன் பூட்டுகிறோம், எந்த வயதில் எதைத் திறப்போம் என்று சொல்லிவிட்டுப் பூட்டுங்கள். ஏழு, பதிமூன்று, பதினாறு என்று சட்டமே படி போட்டுக் கொடுத்திருக்கிறது. காரணம் தெரிந்த குழந்தை, பூட்டில்லாத பக்கத்து வீட்டிலும் சற்று யோசிக்கும்.