கதவுக்கு முன்னால் காகிதம்

(மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கலந்துகொண்ட கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

வீடு புகுந்து சுடும் போலீசைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். நான் அமெரிக்காவிலிருந்து தொடங்குகிறேன். நம்ம ஊர்ல இல்லாத சங்கதியா, எதுக்கு அவ்வளவு தூரம் போகணும்னு கேட்கலாம். காரணம் இருக்கு. 1972இல் பம்பாயில் தலித் இளைஞர்கள் தங்கள் இயக்கத்துக்குப் பேர் வைத்தபோது, அமெரிக்கக் கறுப்பர்களின் பிளாக் பேந்தர் கட்சியைப் பார்த்துத்தான் 'தலித் பேந்தர்' என்று வைத்தார்கள். நாம இன்னைக்குச் சொல்ற 'சிறுத்தை' அந்த வழியில் வந்ததுதான். பேரை வாங்கிக்கொண்ட நாம் அந்தப் பேருக்காக அவர்கள் சிந்திய ரத்தத்தின் கணக்கையும் தெரிஞ்சுக்கணும்.

1969 டிசம்பர் 4. சிகாகோ நகரம், மேற்கு மன்றோ தெரு. விடியற்காலை ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால், அரசு வழக்குரைஞர் எட்வர்ட் ஹன்ராஹனின் கீழ் வேலை செய்த 14 போலீஸ்காரர்கள் ஒரு வீட்டுக்குள் நுழைகிறார்கள். ஆயுதங்களைத் தேட வாரண்டு கையில் இருக்கிறது. உள்ளே ஒன்பது பேர், பெரும்பாலோர் தூக்கத்தில். சில நிமிடங்களில் இரண்டு பேர் பிணம். ஃபிரெட் ஹாம்ப்டன், வயசு 21. மார்க் கிளார்க், வயசு 22. ஹாம்ப்டன் படுக்கையை விட்டு எழவேயில்லை. பக்கத்தில் படுத்திருந்த அவருடைய துணைவி நிறைமாத கர்ப்பிணி.

யார் இந்த ஹாம்ப்டன்? இல்லினாய்ஸ் மாநில பேந்தர்களின் தலைவர். ஏழைக் குழந்தைகள் வெறும் வயித்தோட பள்ளிக்கூடம் போகக்கூடாதுன்னு காலை உணவு போட்டவர். போர்ட்டோ ரிக்கோ இளைஞர்களின் யங் லார்ட்ஸ் அமைப்பையும், ஏழை வெள்ளையர்களின் யங் பேட்ரியாட்ஸ் அமைப்பையும் கறுப்பர்களோடு ஒரே அணியில் சேர்த்தவர். அரசு அவருடைய துப்பாக்கியைவிட இந்தக் கூட்டணியைப் பார்த்துத்தான் அதிகம் பயந்தது என்பது என் கருத்து.

அடுத்து நடந்ததுதான் நமக்குப் பாடம். பேந்தர்கள்தான் முதலில் சுட்டார்கள், கடுமையான துப்பாக்கிச் சண்டை நடந்தது என்று போலீஸ் சொன்னது. தொலைக்காட்சிக்காக அதை நடித்தும் காட்டியது. உள்ளேயிருந்து சுட்ட குண்டுகள் துளைத்த ஓட்டைகள் என்று ஹன்ராஹன் தரப்பு கொடுத்த படங்களை 'சிகாகோ ட்ரிப்யூன்' வெளியிட்டது. வேற பத்திரிகைக்காரங்க நேர்ல போய்ப் பார்த்தா, அவை ஆணித்தலைகள்! 1970இல் கிராண்ட் ஜூரி கணக்குப் பார்த்தபோது, போலீஸ் சுட்டது 82க்கும் 99க்கும் இடையில். பேந்தர்கள் பக்கமிருந்து போனது ஒரே ஒரு குண்டு.

பொய் எப்படி உடைந்தது? போலீஸ் அந்த வீட்டைப் பூட்டி முத்திரை வைக்காமல் போய்விட்டது. பேந்தர்கள் வீட்டை மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்று, அறை அறையாக, சுவர் சுவராகப் பார்த்தார்கள். தெற்கு மாநிலங்களில் கறுப்பர்களைக் கும்பல் கூடி மரத்தில் தொங்கவிட்டதை 'லிஞ்சிங்' என்பார்கள். அந்த வீட்டைப் பார்த்த ஒரு வயசான அம்மா, இது வடக்கத்தி லிஞ்சிங் என்று சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது. எந்த அறிக்கையும் அதைவிடச் சரியாகச் சொல்லவில்லை.

உண்மை அறியும் குழுக்களோடு போனபோது நான் திரும்பத் திரும்பப் பார்த்த ஒன்று உண்டு. போலீஸ் போனதும் நம்ம பெண்கள் முதலில் வீட்டைக் கூட்டுவார்கள். உடைந்த சட்டி பானையைப் பொறுக்கிக் குப்பையில் போடுவார்கள். பிள்ளைகள் காலில் குத்துமே என்ற கவலை. அதைக் குறை சொல்ல எனக்கு நாக்கு வராது. ஆனாலும் தோழர்களே, வீடு ஒரு சாட்சி. கூட்டுவதற்கு முன்னால் யாராவது ஒருத்தர் அதைப் படம் பிடிக்கணும்.

சிகாகோவில் யாருக்குத் தண்டனை? யாருக்கும் இல்லை. சாவு விசாரணை 'நியாயமான கொலை' என்றது. உண்மையை மறைக்கச் சதி செய்ததாக ஹன்ராஹன் மீதும் மற்றவர்கள் மீதும் வந்த வழக்கு 1972இல் விடுதலையில் முடிந்தது. நீதிமன்றம் விட்டவரை மக்கள் விடவில்லை. கறுப்பு மக்களின் ஓட்டு அவரை அதே ஆண்டுத் தேர்தலில் வீட்டுக்கு அனுப்பியது. உயிர் தப்பியவர்களும் செத்தவர்களின் குடும்பங்களும் போட்ட சிவில் வழக்கு இழுத்து இழுத்து 1982இல் 18.5 லட்சம் டாலர் சமரசத்தில் முடிந்தது. அந்த வழக்கில் வெளிவந்த ஒரு காகிதம் முக்கியம். பேந்தர் கட்சிக்குள் எஃப்.பி.ஐ. வைத்திருந்த உளவாளி வில்லியம் ஓ'நீல் கொடுத்த தகவலில் வரைந்த வீட்டு வரைபடம். ஹாம்ப்டனின் படுக்கை எங்கே என்பதுவரை அதில் குறித்திருந்தது. ஓ'நீலுக்கு 300 டாலர் போனஸ்!

இது பழைய கதை என்பவர்களுக்கு, 2020 மார்ச் 13. கென்டக்கி மாநிலம், லூயிவில் நகரம். பிரியோனா டெய்லர், 26 வயசுக் கறுப்பினப் பெண், மருத்துவமனை அவசரப் பிரிவில் வேலை. நள்ளிரவு தாண்டி போலீஸ் கதவை இடித்துத் திறக்கிறது. திருடன் என்று நினைத்து அவருடைய நண்பர், உரிமம் பெற்ற துப்பாக்கியால் ஒரு முறை சுடுகிறார். ஒரு காவலருக்குத் தொடையில் காயம். போலீஸ் 32 குண்டுகள் சுடுகிறது. டெய்லர் சாகிறார். தேடி வந்த போதைப்பொருள் அந்த வீட்டில் இல்லை. தேடிய முக்கிய ஆளும் அங்கே இல்லை. போலீஸ் எழுதிய சம்பவ அறிக்கையில் காயம் என்ற இடத்தில் 'இல்லை' என்று போட்டிருந்தது.

அதற்குப் பிறகு நாடே விவாதித்தது. கதவைத் தட்டினார்களா, போலீஸ் என்று சொன்னார்களா? தட்டாமல் நுழையலாம் என்றுதான் வாரண்டு. தட்டினோம், சொன்னோம் என்கிறது போலீஸ். கேட்கவேயில்லை என்கிறார்கள் அக்கம்பக்கத்தார் பலர். போலீஸ் ஆதரவாளர்கள் வாதத்தையும் கேளுங்க. தட்டிட்டு நின்னா உள்ள இருக்கிறவன் சரக்கை அழிச்சிடுவான், துப்பாக்கியை எடுத்திடுவான், போலீஸ்காரனுக்கும் உயிர் இருக்கு. இருக்கட்டும். ஆனால் நடுராத்திரியில் கதவை உடைத்தால்தானே உள்ளே இருப்பவர் பயந்து துப்பாக்கியை எடுக்கிறார்? வீட்டுக்குள் நுழைபவனைச் சுடலாம் என்று சட்டமே சொல்கிற மாநிலம் அது. உள்ளே இருந்தவருக்குத் தற்காப்பு, வெளியே இருந்தவருக்கும் தற்காப்பு. நடுவில் வெறுங்கையோடு நின்ற பெண்ணின் சாவு யாருடைய குற்றமும் ஆகவில்லை. 2020 செப்டம்பரில் கிராண்ட் ஜூரி ஒரு காவலர் மீது மட்டும் குற்றம் சாட்டியது, பக்கத்து வீட்டுக்குள் குண்டு போனதற்காக! பிறகு மத்திய அரசு வழக்குப் போட்டு, அதே காவலருக்கு 2025 ஜூலையில் 33 மாதச் சிறை. அவர் சுட்ட குண்டு யார்மீதும் படவில்லை. டெய்லரைக் கொன்ற குண்டுகளுக்குத் தண்டனை கிடையாது.

'தட்டினார்களா' என்ற கேள்வி தேவைதான். அந்த ஆண்டே லூயிவில் நகரம் டெய்லர் பெயரில் சட்டம் போட்டுத் தட்டாமல் நுழையும் வாரண்டைத் தடை செய்தது. அது தெருவில் நின்றவர்கள் வாங்கிய வெற்றி. ஆனால் அந்தக் கேள்வியோடு நின்றுவிட்டால் நாம் ஏமாந்துபோவோம். தட்டிச் சொல்லிவிட்டு நுழைவது அரசியல் சட்ட உரிமையின் பகுதி என்று 1995இல் சொன்ன அமெரிக்க உச்சநீதிமன்றம், அதை மீறினாலும் கிடைத்த சாட்சியம் செல்லும் என்று 2006இல் சொன்னது. உரிமை இருக்கு, மீறினால் போலீசுக்கு நஷ்டம் இல்லை.

நான் சொல்ல வருவது இதுதான். கதவு உடைவதற்கு முன்னாலேயே கொலை காகிதத்தில் தொடங்கிவிடுகிறது. சிகாகோவில் உளவாளியின் வரைபடம். லூயிவில்லில் வாரண்டு வாங்கக் கொடுத்த வாக்குமூலம். டெய்லர் வீட்டுக்குப் பழைய நண்பரின் பார்சல்கள் வருவதைத் தபால் துறை மூலம் உறுதி செய்தோம் என்று அதில் எழுதினார்கள். அது பொய். அந்தப் பொய்க்கு உடந்தையாக இருந்ததை ஒரு பெண் காவலர் 2022 ஆகஸ்டில் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். மேசையில் எழுதிய பொய்யை ஒரு நீதிபதியின் கையெழுத்து சட்டமாக்கியது, துப்பாக்கி அதை நிறைவேற்றியது. விவாதமோ கதவு உடைந்த அந்தச் சில நொடிகளிலேயே மாட்டிக்கொண்டது.

மாணவத் தோழர்களுக்கு இதில் வேலை இருக்கிறது. வீட்டை உடைப்பதற்கு முன் அறிவிக்க வேண்டும் என்ற விதி 1604ஆம் ஆண்டு இங்கிலாந்துத் தீர்ப்பிலேயே இருக்கிறது. அந்த மரபுதான் அமெரிக்காவுக்கும் போனது, வெள்ளைக்காரன் வழியாக நம் சட்டத்துக்கும் வந்தது. 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 44ஆம் பிரிவில், தான் யார், எதற்கு வந்தேன் என்று சொல்லி வழி கேட்ட பிறகே கதவை உடைக்கலாம் என்றிருக்கிறது. தேடுதலைக் காணொளியில் பதிவு செய்யச் சொல்கிறது 105ஆம் பிரிவு. வாரண்டு இல்லாமல் தேடினால், அதற்கான காரணத்தை முன்கூட்டியே எழுதி, நகலை மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பச் சொல்கிறது 185ஆம் பிரிவு. வீட்டுக்காரர் விண்ணப்பித்தால் அந்த நகலை அவருக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டும். நம்ம சேரியில எத்தனை பேருக்கு இது தெரியும்? எத்தனை பேர் கேட்டு வாங்கியிருக்கோம்?

கேட்போம். எழுதப்பட்ட காரணம் என்ன, எழுதினவர் யார், எந்தத் தேதி, எந்த வீடு என்று ஒவ்வொரு வரியாகக் கேட்போம். சுட்டவன் கையைப் பிடிப்பது மட்டும் போதாது தோழர்களே, எழுதினவன் கையையும் பிடிக்கணும்.