சாட்சிக்கூடு ஏறாத ஊர்

(பூநகரி வாடியடியில் நடந்த கூட்டமொன்றில், ஓய்வுபெற்ற நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் ஒருவர் பேசியது)

தாய்மாரே, ஐயாமாரே, பின்னுக்கு மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டு "கிழவன் எப்ப முடிப்பான்" என்று பார்த்துக்கொண்டு நிற்கும் தம்பிமாரே,

ஒலிபெருக்கி கொஞ்சம் இரைகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். முப்பத்திரண்டு வருசம் நீதிமன்றத்தில் சாட்சிகளின் வாய்க்கும் நீதிபதியின் காதுக்கும் நடுவில் நின்றவன் நான். உத்தியோகப் பெயர் மொழிபெயர்ப்பாளர். சனம் கூப்பிடுவது "முதலியார்" என்று. வெள்ளைக்காரன் காலத்துப் பதவிப் பெயர் அது, சாதிப் பெயர் இல்லை. ஆனால் புதிதாகப் பழகுகிற ஆளுக்கு அதை விளங்கப்படுத்தப் போனால், அடுத்த கேள்வி கட்டாயம் வரும்: "அப்ப ஐயா எந்தப் பகுதி?"

இன்றைக்கு நான் பேச வந்தது ஒரு மேன்முறையீட்டைப் பற்றி. எங்கள் நாட்டு வழக்கு இல்லை, கடலுக்கு அங்காலே நடந்தது. ஏன் இங்கே கொண்டுவந்தேன் என்று பிறகு சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் கடலூர் மாவட்டம், விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் புதுக்கூரைப்பேட்டை. முருகேசன் இரசாயனப் பொறியியல் படித்த பெடியன். பறையர் குடும்பம். கண்ணகியும் படித்த பிள்ளை. வன்னியர் குடும்பம், தகப்பன் ஊராட்சித் தலைவர். 2003 மே 5ஆம் திகதி கடலூருக்குப் போய்க் கலியாண எழுத்து எழுதினார்கள். எழுதிவிட்டு ஒருவருக்கும் சொல்லவில்லை. ஊர் என்ன செய்யும் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

ஜூலை 8ஆம் திகதி ஊர் செய்தது. இரண்டு பேரையும் பிடித்து முந்திரித் தோப்புப் பக்கம் கொண்டுபோனார்கள். நஞ்சைக் குடி என்றார்கள். பிள்ளைகள் வாயைத் திறக்கவில்லை. காதுக்குள்ளும் மூக்குக்குள்ளும் ஊற்றினார்கள். பிறகு உடல்களை எரித்தார்கள். இரகசியமாக, இருட்டில், நாலு பேராக நடந்த காரியம் இல்லை இது. ஊர்ச்சனம் பார்த்துக்கொண்டு நின்றது.

பெற்றவர்கள் பொலிசுக்குப் போனார்கள். முறைப்பாடு எடுபடவில்லை. பத்திரிகைகளில் செய்தி வெடித்த பிறகு, ஜூலை 17ஆம் திகதிதான் வழக்குப் பதிவானது. எப்படிப் பதிவானது? கண்ணகி பக்கத்தில் நாலு பேர், முருகேசன் பக்கத்தில் நாலு பேர். அதாவது, பெண்ணின் ஆட்கள் பெண்ணைக் கொன்றார்களாம், பெடியனின் ஆட்கள் பெடியனைக் கொன்றார்களாம். கணக்குச் சரி! தராசில் வைத்து நிறுத்த மாதிரி நாலுக்கு நாலு. பிள்ளையை எரித்த சாம்பல் ஆறமுன்னம் அவனுடைய சொந்தங்களையே எதிரிக்கூட்டில் ஏற்றினார்கள்.

அடுத்த வருசம் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கைச் சி.பி.ஐ.யிடம் கொடுத்தது. சட்டத்தரணி பொ. இரத்தினம் இந்த வழக்கை விடவில்லை, அவர் பெயரை இந்த மேடையில் சொல்லத்தான் வேண்டும். தீர்ப்பு வந்தது 2021 செப்டெம்பர் 24ஆம் திகதி. பதினெட்டு வருசம்! பதின்மூன்று பேர் குற்றவாளிகள். கண்ணகியின் அண்ணனுக்கு மரண தண்டனை. தகப்பன் உட்படப் பன்னிரண்டு பேருக்கு ஆயுள், அதில் இரண்டு பேர் பொலிஸ் அதிகாரிகள்.

பிறகு மேன்முறையீடு. ஒரு சின்ன விளக்கம்: நாங்கள் மேல் நீதிமன்றம் என்பதை அவர்கள் உயர் நீதிமன்றம் என்பார்கள், எங்கள் உயர் நீதிமன்றம் அவர்களுக்கு உச்ச நீதிமன்றம். குழம்பாதீர்கள். 2022 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் மரண தண்டனையை ஆயுளாக்கியது. இரண்டு பேரை விடுவித்தது. ஒரு பொலிஸ் அதிகாரியின் ஆயுள் தண்டனையை இரண்டு வருசமாகக் குறைத்தது. மிச்சத்தை அப்படியே வைத்தது. தண்டனை நின்றவர்கள் டில்லி உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2025 ஏப்ரல் 28ஆம் திகதி நீதிபதிகள் சுதான்ஷு துலியாவும் பிரசாந்த் குமார் மிஸ்ராவும் மேன்முறையீடுகளைத் தள்ளிவிட்டார்கள். முருகேசனின் தகப்பனுக்கும் சிறிய தாய்க்கும் 5 லட்சம் ரூபா கொடுக்கச் சொன்னார்கள். இரண்டு மாதமும் சில நாட்களும் குறைய, இருபத்திரண்டு வருசம். அந்தப் பெடியன் உயிரோடு இருந்தால் இன்றைக்கு அவனுக்கே கலியாண வயதில் ஒரு பிள்ளை நிற்கும்.

அந்தத் தீர்ப்பில் எனக்குப் பிடித்த இடம் பொலிசைப் பற்றியது. பொய் வழக்கு எழுதிய அந்த மற்ற அதிகாரிக்கு ஆயுள் தண்டனை நின்றது. கொலையில் அவர் கை இல்லை. அவர் பிடித்தது பேனை. குற்றம் செய்யாத தாழ்த்தப்பட்ட சனத்தை மரண தண்டனை விழக்கூடிய வழக்கில் மாட்டப் பொய்ச்சான்று உண்டாக்கினால் ஆயுள் என்று அவர்களுடைய வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் இருக்கிறது. எங்கள் நாட்டில் தேடிப்பாருங்கள், தாழ்த்தப்பட்ட சனத்துக்கென்று அப்படியொரு பிரிவு இல்லை.

சரி, நீதி வென்றது என்று கைதட்டிவிட்டுப் போகலாமா? தட்டாதீர்கள்.

மேன்முறையீடு என்றால் என்னவென்று சாட்சிக்கூட்டுக்குப் பக்கத்தில் நின்றவன் சொல்கிறேன். அங்கே வழமையில் சாட்சி வராது. கூடு வெறுமையாகக் கிடக்கும். கட்டுக்கட்டாக வழக்கேடு மட்டும் வரும். கீழ் நீதிமன்றத்தில் யார் என்ன சொன்னார்களோ, அது மட்டும்தான் மேலே ஏறும். யாரும் சொல்லாதது ஏறாது. எல்லாம் அறிந்த நீதிபதியாக இருந்தாலும், ஏட்டில் இல்லாததைத் தீர்ப்பில் எழுத முடியாது. அந்தக் கொலையை ஊர் பார்த்தது. வழக்கு நடந்தபோது சாட்சிகள் பிறழ்ந்தார்கள். கண்டதைக் காணவில்லை என்றார்கள்.

எனக்கு இது புதிதில்லை. நான் வேலை செய்த ஒரு நீதிமன்றத்தில், பெயர் வேண்டாம், ஒரு அடிபாட்டு வழக்கு. வேறு பகுதிப் பெட்டையைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனான் என்று ஒரு பெடியனைச் சந்தியில் வைத்து முறித்துவிட்டார்கள். சந்திக் கடைக்காரர் பொலிசுக்குக் கொடுத்த வாக்குமூலத்தில் அடித்தவர்களின் பெயரையே சொல்லியிருந்தார். கூட்டில் ஏறினார். வெள்ளை வேட்டி, திருநீறு. அரச சட்டத்தரணி கேட்டார்: "நீர் என்ன கண்டீர்?" அவர் சொன்னார்: "நான் அந்த நேரம் குனிஞ்சு சீனி நிறுத்துக்கொண்டு நிண்டனான் ஐயா." எவ்வளவு நேரம் குனிந்தீர் என்று கேட்டார். "சனம் கலையுமட்டும்" என்றார். அதை நான்தான் இங்கிலீசில் சொன்னேன். சட்டத்தரணிமார் சிரித்தார்கள். பெடியனின் தாய் கடைசி வாங்கில் இருந்தவ. சிரிப்பு ஏன் என்று விளங்காமல், சேலைத் தலைப்பில் முடிந்திருந்த பஸ் காசை அவிழ்த்து எண்ணிக்கொண்டிருந்தா. கடைக்காரர் கெட்ட மனிசன் இல்லை. அவருக்கு நாளைக்கும் அந்தச் சந்தியில்தான் கடை.

இன்னொரு வழக்கும் கேளுங்கள். கோகுல்ராஜ். 2015 ஜூனில் திருச்செங்கோடு மலைக்கோவிலில் ஒரு பெண்பிள்ளையோடு கதைத்துக்கொண்டிருந்த தலித் பெடியன். கடத்திக்கொண்டுபோய்க் கொன்று பள்ளிபாளையம் பக்கத்துத் தண்டவாளத்தில் போட்டார்கள். கலியாணம்கூட இல்லை, கதைத்ததற்கே கொலை. அந்தப் பிள்ளை முக்கிய சாட்சி. பிறழ்ந்தா. மேன்முறையீட்டு நேரம், வழமைக்கு மாறாக, உயர் நீதிமன்றமே அவவைக் கூப்பிட்டுக் கோவில் கமெராவில் பதிந்த படத்தைக் காட்டிக் கேட்டது. படத்தில் இருப்பது தான் என்று அவ ஒப்புக்கொள்ளவில்லை! தன்னுடைய முகத்தையே தெரியாது என்று சொல்ல வைக்கிற பயம் எப்படிப்பட்ட பயம் என்று யோசியுங்கள். நீதிபதிகள் இரண்டு பேரும் மலையேறிப் போய்க் கோவிலை நேரில் பார்த்தார்கள். 2023 ஜூனில் முதல் எதிரி யுவராஜின் தண்டனை நின்றது. அதை நிறுத்தியதில் கமெராவுக்குப் பெரிய பங்கு. ஊருக்கு ஒரு பங்கும் இல்லை. கமெராவுக்கு மாமன் மச்சான் கிடையாது.

உடுமலைப்பேட்டைச் சங்கர் கொலையிலும் கமெரா இருந்தது. 2016 மார்ச் 13, பட்டப்பகல், பஸ் நிலையத்துக்கு முன்னால். அவனைச் சாதி மாறிக் கட்டின கௌசல்யா தலையில் வெட்டுக்காயத்தோடு பிழைத்தா. பெற்ற தாய் தகப்பனுக்கு எதிராகக் கூட்டில் ஏறிச் சாட்சி சொன்னா. திருப்பூர் நீதிமன்றம் தகப்பன் உட்பட ஆறு பேருக்கு மரண தண்டனை விதித்தது. 2020 ஜூனில் மேன்முறையீட்டில் தகப்பன் விடுதலை. வெட்டினவனைக் கமெரா காட்டியது. ஏவினது யார் என்று கமெரா காட்டாது. அது வீட்டுக்குள் கதைத்த கதை, கண்டவர்களும் கேட்டவர்களும் வந்து சொல்ல வேண்டியது. சட்டப்படி அந்த விடுதலை சரியா பிழையா என்று நான் வாதாட வரவில்லை. சதி நிரூபிக்கப்படவில்லை என்று நீதிமன்றம் சொன்னது. நிரூபிக்கிறதற்கு ஆள் வேண்டும்.

இனி எங்கள் பக்கம் வருவோம்.

"ஐயா, அதெல்லாம் இந்தியாவில நடக்கிற விசயம், எங்கட வன்னியில அப்பிடி ஒண்டும் இல்லை." இதை எனக்குச் சொல்லாத ஆள் இந்த மண்டபத்தில் குறைவு. காலையில் தேத்தண்ணிக் கடையிலும் ஒருவர் சொன்னார். சொல்லிவிட்டு, தன்னுடைய மகளுக்கு வந்த சம்பந்தத்தை ஏன் விட்டவர் என்றும் சொன்னார். பெடியன் ஆசிரியர், குடி இல்லை, வெத்திலை இல்லை. "எல்லாம் நல்லம்தான் ஐயா, ஆனா ஆக்கள் வேற." ஆக்கள் வேற! எவ்வளவு மரியாதையான தமிழ். சாதி என்ற சொல்லை வாயில் வைக்காமலே சாதி பார்க்கிற கலையில் எங்களை வெல்ல ஆளில்லை. எந்தக் குறிச்சி? எந்தக் கோவிலுக்கு உபயம்? பேத்தியார் எந்த ஒழுங்கை? மூன்றாவது கேள்வியில் ஆளை நிறுத்து முடித்துவிடுவோம்.

இயக்கம் சாதியை ஒழித்தது என்பீர்கள். அந்தக் காலத்தில் சாதி பேசப் பயந்தோம், உண்மை. 2008 நவம்பரில் பூநகரியை விட்டு இறங்கி, முள்ளிவாய்க்கால் வரைக்கும் ஓடினபோது யாருடைய பங்கருக்குள் யார் குதித்தோம் என்று கேட்கவில்லை, அதுவும் உண்மை. ஆனால் மெனிக் பாம் முகாமிலிருந்து திரும்பி வந்து, கூரைத் தகரம் வருமுன்னமே வேலிக்குக் கதியால் நட்ட கையை நான் பார்த்தேன். எந்த வீட்டுத் தண்ணி குடிக்கலாம், எந்த வீட்டில் "இப்பத்தான் குடிச்சனான்" என்று சொல்ல வேண்டும் என்பது ஒருவருக்கும் மறக்கவில்லை. மொட்டைக்கறுப்பன் விதைநெல்லைப் பறிகொடுத்தோம். இதை மட்டும் பத்திரமாக முடிந்து வைத்திருந்தோம்.

சட்டம் இருக்கிறதா? 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. கோவில், கடை, பள்ளிக்கூடம் போன்ற இடங்களில் சாதி சொல்லித் தடுத்தால் குற்றம். 1968இல் மாவிட்டபுரம் கோவில் வாசலில் மறித்து நின்ற சி. சுந்தரலிங்கம், எங்கள் வவுனியாவுக்கு எம்.பி.யாக இருந்தவர், அந்தச் சட்டத்தில்தான் வழக்கு வாங்கினார். அவருடைய மேன்முறையீடு லண்டன் கோமறைக் கழகம் வரை போனது. ஆக, சாதிக்காகக் கப்பலேறி மேன்முறையீடு செய்த பெருமை எங்களுக்கும் உண்டு! ஆனால் அந்தச் சட்டம் வாசலைப் பற்றிப் பேசுகிறது. வீட்டுக்குள் பிள்ளையைப் பூட்டி வைக்கிற தகப்பனைப் பற்றி, சாதி மாறிக் கட்டினவர்களுக்கு வருகிற மிரட்டலைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. தமிழ்நாட்டில் 2025 ஒக்டோபரில், ஆணவக்கொலைக்கு எதிரான தனிச்சட்டத்துக்குப் பரிந்துரை செய்ய முன்னாள் நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் என்று முதலமைச்சர் அறிவிக்க வேண்டி வந்தது. அத்தனை பிணம் விழுந்த பிறகு. எங்கள் ஆட்களோ தேர்தலுக்குத் தேர்தல் சங்குப்பிட்டிப் பாலத்தால் வந்து போகிறார்கள், இதைப் பற்றி வாய் திறந்த ஒருவரைக் காட்டுங்கள்.

இங்கே கொலை நடக்கவில்லை என்கிறீர்களே, நான் கேட்கிறேன்: நடந்தால் யார் கூட்டில் ஏறுவீர்கள்? தம்பி, நீர்? அம்மா, நீங்கள்? ஏன் நிலத்தைப் பார்க்கிறீர்கள்? நான் அந்தப் பார்வையை முப்பத்திரண்டு வருசம் பார்த்தவன். புதுக்கூரைப்பேட்டைச் சனம் கொம்பு முளைத்த சனம் இல்லை. எங்களைப்போலத் தோட்டம் செய்கிற, திருவிழாவுக்குக் காவடி எடுக்கிற சனம்தான். கொன்றவர்கள் கொஞ்சப் பேர். குனிந்து சீனி நிறுத்தவர்கள் மிச்சப் பேர். வழக்கு இருபத்திரண்டு வருசம் இழுபட்டதில் அந்த மிச்சப் பேருக்கும் பங்கு உண்டு. அவர்களை எந்த மேன்முறையீடும் கூப்பிட்டுக் கேட்காது.

நேரமாகிவிட்டது, தலைவர் மணிக்கூட்டைப் பார்க்கிறார். ஒன்று சொல்லிவிட்டு இறங்குகிறேன். இரண்டு பிள்ளைகள் என்னிடம் வந்தார்கள். இரண்டு பேருக்கும் பதினெட்டு எப்பவோ தாண்டிவிட்டது. பேர் சொல்லமாட்டேன், ஊர் சொல்லமாட்டேன், எந்தப் பதிவாளர் என்றும் சொல்லமாட்டேன். ஆக்கள் வேற. எழுத்துக்கு இரண்டு சாட்சி கையெழுத்து வைக்க வேண்டும். ஒன்று நான். மற்றதுக்கு அந்தப் பெடியன் ஏழு பேரிடம் கேட்டுவிட்டான், ஏழு பேருக்கும் அன்றைக்கு அலுவலாம். கூட்டம் முடிந்ததும் நான் வெளியில் அந்த வேப்பமரத்தடியில் நிற்பேன். வருகிறவர் அடையாள அட்டையைக் கொண்டு வரட்டும், பேனை என்னிடம் இருக்கிறது.