எஞ்சின் ஏன் நடுங்குகிறது?

தொட்டியத்தில் பங்குனித் திருவிழாவின்போது மதுரைகாளியம்மன் தேர் சக்கரத்தில் உருண்டு வருவதில்லை. அடியார்கள் தோளில் சுமந்து வருகிறார்கள். எல்லாத் தோள்களும் ஒருசீராகத் தாங்கும்வரை தேர் நிமிர்ந்து செல்லும். ஒரு பக்கத்தார் சற்றே தளர்ந்தால் தேர் முழுவதும் ஆடிவிடும். மாணவ நேயர்களே, மோட்டார் காரின் எஞ்சினுக்கும் இதுவே நியதி.

1876-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் நிக்கொலாஸ் ஆட்டோ ஓட்டிக் காட்டிய எஞ்சின், உறிஞ்சுதல், அழுத்துதல், எரிதல், வெளியேற்றுதல் என்னும் நான்கு செயல்களால் இயங்கியது. இன்றைய பெட்ரோல் கார்களும் அவ்வழியே இயங்குகின்றன. நான்கு சிலிண்டர் எஞ்சினில் தண்டு அரைச்சுற்றுச் சுற்றுந்தோறும் ஒரு சிலிண்டர் எரிந்து உந்துகிறது. ஒன்று எரியத் தவறினால் அந்த அரைச்சுற்றுக்கு உந்துதல் இல்லை. வேகமாகச் சுழலும்போது சுழல்சக்கரத்தின் வேகமே அக்குறையைப் பெரிதும் மறைத்துவிடும். புறப்படும் வேளையில் சுழற்சி மெதுவாதலின் நடுக்கம் வெளிப்படுகிறது.

எரிதல் ஏன் தவறுகிறது? தீப்பொறி, எரிபொருள்-காற்றுக் கலவை, அழுத்தம் ஆகிய மூன்றில் ஒன்று குறைவதனால்தான். ஸ்பார்க் பிளக்கில் கரி படிந்தாலோ, இக்னிஷன் காயில் பழுதுற்றாலோ பொறி குன்றும். பேட்டரி தளர்ந்தால் எஞ்சின் சோம்பிச் சுற்றும், பொறியும் வலுவிழக்கலாம். இன்ஜெக்டர் அடைபட்டாலும், காற்றுக்குழாய் வெடித்துக் காற்று புகுந்தாலும் கலவை கெடும். வால்வு சரியாக மூடாவிடில் அழுத்தம் குறையும். ஹெட் கேஸ்கெட் பழுதானால் இரவில் ரேடியேட்டர் நீர் சிலிண்டருக்குள் கசிந்து, காலையில் நடுக்கமும் வெண்புகையும் தோன்றலாம்.

எஞ்சின் சீராக எரிந்தும் கார் நடுங்குவதுண்டு. எஞ்சினைத் தாங்கும் ரப்பர் தாங்கிகள் தேய்ந்திருத்தலே அதற்குக் காரணமாகலாம். அப்போது ஓசை ஒழுங்காக இருக்கும். உடல் மட்டும் அதிரும்.

இதனை அற்பமென்று விடலாகாது. எரியாத பெட்ரோல் புகைக்குழாயிலுள்ள வினையூக்கி மாற்றியை அடைந்து, அங்கே எரிந்து, அதனைச் சுட்டுப் பாழாக்கும். எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு ஒளிர்வது பெரும்பாலும் அந்த எச்சரிக்கையே. சிறு பிளக்கை மாற்றாதவர் அதனினும் பன்மடங்கு விலையுள்ள பாகத்தை இழப்பார். பொருளிழப்பு மட்டுமன்று, நோயாளியை ஏற்றிக்கொண்டு முசிறி வழியே திருச்சிக்கு விரையும் கார் நடுவழியில் நின்றால், இழப்பைப் பணத்தால் அளக்க முடியுமா?

ஆகவே, நடுக்கம் குளிர்ந்த நிலையில் மட்டுமா, சூடேறிய பின்னுமா? ஓசையும் தடுமாறுகிறதா? புகை என்ன நிறம்? இவற்றைக் கவனித்து மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். நோயின் வேரை அறிந்த பின்னரே மருந்து. இயந்திரத்துக்கும் அதுவே முறை.