கேட்டு எடுப்போம், கொடுத்துவிட்டுப் போவோம்

(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஓகஸ்ட் விடுமுறை வந்தால் கொழும்பிலிருந்தும் லண்டனிலிருந்தும் கனடாவிலிருந்தும் நாம் மாத்தளைக்கு ஓடி வருகிறோம். இப்போது நம்மில் பலருடைய கையில் லென்ஸ் மாற்றும் கமரா இருக்கிறது. காலையில் வஸ்கமுவையில் யானை, மாலையில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். வைத்தியத் தொழிலில் இருக்கும் எங்களையும் அந்த ஆசை விடவில்லை.

முதலில் கருவியைப் பற்றிச் சில வார்த்தைகள். வஸ்கமுவைப் பாதையில் செம்புழுதி பறக்கும். ஆகவே ஜீப் ஓடும்போது லென்ஸ் மாற்றக் கூடாது. நிறுத்தி, கமராவை அணைத்து, வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து மாற்ற வேண்டும். நக்கிள்ஸ் பக்கம் போனால் புழுதிக்குப் பதில் ஈரம். அங்கிருந்து வந்ததும் சிலிக்கா ஜெல் பைகளுடன் மூடிய பெட்டியில் வைத்தால் லென்ஸில் பூஞ்சணம் பிடிக்காது. உச்சி வெயில் முகத்தில் கண்குழிகளைக் கறுப்பாக்கும். காலை ஒன்பதுக்கு முன்னும் மாலை நாலுக்குப் பின்னும் எடுப்பது நல்லது.

யானைக்கு 300 மில்லிமீற்றரோ அதற்கு மேலோ உள்ள லென்ஸ் வேண்டும். அது தூரத்தில் நின்றே எடுப்பதற்கு. யானை மேய்வதை நிறுத்திக் காதை விரித்தால் நாம் பின்வாங்க வேண்டும். மூக்கில் இலைபோன்ற புடைப்புள்ள ஓணான் ஒன்று உலகிலேயே நக்கிள்ஸ் மலைகளில் மட்டும் வாழ்கிறது. நல்ல படத்துக்காக அதைப் பிடித்து வேறு கிளையில் வைப்பது அநியாயம்.

கல்யாண வீட்டுக்கு 50 மில்லிமீற்றர் லென்ஸ் போதும். ஓமப் புகையிலும் மங்கிய வெளிச்சத்திலும் ஃபிளாஷ் இல்லாமல் எடுக்கலாம். தாலி கட்டும் நேரம் கூலிக்கு வந்த படப்பிடிப்பாளரை மறைக்காமல், நாம் வேறு பக்கம் திரும்புவோம். சமையற்கட்டில் நிற்கும் பெரியம்மா, மணவறைப் பக்கம் வராமல் ஒதுங்கி நிற்கும் விதவை அத்தை: இவர்கள் கல்யாண அல்பத்தில் இருப்பதில்லை. கேட்டுவிட்டு அவர்களை எடுப்போம்.

கேட்பது என்பதுதான் இன்றைய பேச்சின் சாரம். நோயாளியைத் தொடுமுன் அனுமதி கேட்க எங்களுக்குக் கற்பித்தார்கள். நீண்ட லென்ஸோ தொடாமலே ஆளைக் கிட்டக் கொண்டுவந்துவிடுகிறது. அதனால் கேட்க மறந்துபோகிறோம்.

யூலியா மார்கரட் கமரன் என்ற புகழ்பெற்ற படக் கலைஞருக்கு முதல் கமரா கிடைத்தபோது வயது 48. நம்மில் பலர் இப்போதுதான் அந்த வயதை நெருங்குகிறோம். அவர் 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் இங்கேயே மறைந்தார். இங்குள்ள தோட்டத் தொழிலாளரையும் கிராமத்தவரையும் படம் எடுத்தார். அந்தப் படங்கள் இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. படத்தில் இருப்பவர்களில் பெரும்பாலானோரின் பெயர் எங்கும் இல்லை.

மன்னாரில் இறங்கி, தம்புள்ளை வழியாகக் காட்டுப்பாதையில் மாத்தளைக்கு நடந்து வந்தவர்கள் நம் முன்னோர். வழியில் மாண்டவர்கள் எத்தனையோ பேர். அவர்களுடைய முகம் நம் வீட்டுச் சுவர்களில் இல்லை. 2023இல், மலையக மக்கள் வந்து 200 ஆண்டு நிறைவை நினைத்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அதே வழியில் மக்கள் நடந்தார்கள். அந்த நடையைப் பலர் படம் பிடித்தார்கள். இனி முகங்கள் மிஞ்சும். பெயர்களும் மிஞ்ச வேண்டாமா?

இன்றும் இரத்தோட்டைப் பக்கம் வாகனத்தை நிறுத்தி, கொழுந்து பறிக்கும் பெண்களை எடுத்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. படம் உலகம் சுற்றும். அந்த அக்காவின் லயத்து அறையில் ஒரு பிரதி இருக்காது. நம்மில் பலர் அந்த லயங்களிலிருந்து இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்தவர்கள். நாமும் அப்படிச் செய்யலாமா?

ஆகவே இந்த விடுமுறையில் மூன்று காரியம் செய்வோம். கேட்டு எடுப்போம், வேண்டாம் என்றால் கமராவை இறக்குவோம். படத்தின் பின்னால் பெயர், இடம், திகதி எழுதுவோம். ஒரு பிரதியை அச்சிட்டு, எடுத்தவரிடமே கொண்டுபோய்க் கொடுப்போம். மாத்தளை நகரில் ஒரு படம் அச்சிடும் செலவு, நாம் வாங்கிய லென்ஸின் விலைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.