எந்தச் சான்றிதழைத் தேர்ந்தெடுப்பது?

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. இறுதித் தூதர் முஹம்மது நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் கிளையார், தோழர்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.

ஜும்ஆத் தொழுகைக்குப் பின் நம்மைச் சந்திக்கும் பெற்றோர் சிலர் அண்மைக் காலமாக ஒரே கேள்வியைக் கேட்கின்றனர். "ஹஜ்ரத், பையன் பொறியியல் முடித்துவிட்டான். திட்ட மேலாண்மைச் சான்றிதழ் இருந்தால் வளைகுடாவில் நல்ல வேலை கிடைக்கும் என்கிறான். நகையை அடகு வைத்துக் கட்டணம் கட்டலாமா?" என்பதே அக்கேள்வி. மதரஸாவில் ஓதிய நாம் இதற்கு விடை கூறத் தகுதியுடையோமா என்று தயங்கினோம். ஆயினும் கேள்வியில் குடும்பத்தின் பொருளும் பிள்ளையின் எதிர்காலமும் அடங்கியிருப்பதால், துறை அறிந்த நம் பொறியாளர்களிடம் கேட்டறிந்தவற்றை உங்கள் முன் வைக்கின்றோம்.

திட்ட மேலாண்மை நமக்குப் புதிய பொருளன்று. மதுரைச் சமவெளியின் வயல்களை நனைக்கும் பெரியாற்று நீரே அதற்குச் சான்று. மேற்கே ஓடிய ஆற்றை மறித்து, மலையைக் குடைந்து, கிழக்கே வைகைப் படுகைக்குத் திருப்பும் பணி 1887இல் தொடங்கி 1895இல் நிறைவுற்றது. கட்டியதை வெள்ளம் அடித்துச் சென்றது. காய்ச்சல் பல தொழிலாளர்களின் உயிரைக் குடித்தது. இன்ன பருவத்தில் இன்ன வேலை, இத்தனை ஆட்கள், இவ்வளவு சுண்ணாம்பு என்று கணக்கிட்டு நடத்தியிராவிட்டால் அவ்வணை எழுந்திராது. நபி யூசுஃப் (அலை) அவர்கள் செழிப்பான ஏழாண்டுகளில் சேமித்து, பஞ்சத்தின் ஏழாண்டுகளைக் கடக்க வழி செய்த வரலாற்றையும் நாம் அறிவோம். அப்பொறுப்புக்கு அவர்கள் தம் தகுதியாக முன்வைத்தவை இரண்டு: பேணிக் காக்கும் நேர்மை, துறை அறிவு. சான்றிதழ் தேடும் இளைஞர்களுக்கு இவ்விரண்டும் வேண்டும்.

இனி, சான்றிதழ்களைப் பார்ப்போம்.

முதலாவது, பி.எம்.பி. 1969இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட பி.எம்.ஐ. என்னும் அமைப்பு 1984 முதல் இதை வழங்கி வருகின்றது. இது புதிதாகப் படிப்பை முடித்தவர்களுக்கு உரியதன்று. நான்காண்டுப் பட்டம் பெற்றவர்கள் 36 மாதங்கள் திட்டப் பணிகளை முன்னின்று நடத்திய அனுபவமும், 35 மணி நேரப் பயிற்சியும் பெற்றிருத்தல் வேண்டும். பட்டம் இல்லாதவர்களுக்கு 60 மாத அனுபவம் கேட்கப்பட்டு வந்துள்ளது. தேர்ச்சி பெற்ற பின்பும் மூன்றாண்டுக்கு ஒருமுறை தொடர்கல்வி காட்டிப் புதுப்பிக்க வேண்டும்.

இரண்டாவது, அதே அமைப்பின் சி.ஏ.பி.எம். பள்ளி இறுதிக் கல்வியும் 23 மணி நேரப் பயிற்சியும் போதும், அனுபவம் தேவையில்லை. மூன்றாவது, பிரின்ஸ்-2. பிரிட்டிஷ் அரசின் பணிகளுக்கென உருவான முறை, 1996இல் இப்பெயரில் வெளிவந்தது. இதன் முதல் நிலைத் தேர்வுக்கும் முன் அனுபவம் தேவையில்லை.

இவற்றுள் எதைத் தேர்வது? இன்று கல்லூரியை விட்டு வந்த பிள்ளை முதலில் ஒரு வேலைத்தளத்தில் சேரட்டும். வசதியிருந்தால் சி.ஏ.பி.எம். எழுதட்டும், ஆனால் அது மட்டுமே வேலை வாங்கித் தரும் என்று நம்ப வேண்டாம். கட்டுமானத்தில் கால அட்டவணை தயாரிக்கும் பணியை நாடுவோர் பிரைமவேரா போன்ற மென்பொருளைக் கற்பது உடனடிப் பயன் தரும். சில ஆண்டுகள் குழுவை நடத்தியவர்கள் பி.எம்.பி.யை நாடலாம், வளைகுடா நிறுவனங்கள் பெரிதும் அறிந்த பெயர் அதுவே. பிரிட்டன் செல்ல எண்ணுவோர் பிரின்ஸ்-2 குறித்து விசாரிக்கட்டும். விதிகளும் கட்டணங்களும் மாறக்கூடியவை. பணம் கட்டுமுன் அந்தந்த அமைப்பின் இணையதளத்திலேயே பாருங்கள்.

ஒரு விஷயத்தில் பலர் ஏமாறுகின்றனர். பயிற்சி நிலையம் தரும் 35 மணி நேரச் சான்று வேறு, பி.எம்.பி. சான்றிதழ் வேறு. முன்னது தேர்வுக்கு விண்ணப்பிக்கும் தகுதிகளுள் ஒன்று மட்டுமே. "தேர்ச்சிக்கு நாங்கள் உத்தரவாதம்" என்று கூறுவோரிடம் எச்சரிக்கை வேண்டும். அடிப்படைப் பாடங்களை ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் என்.பி.டி.இ.எல். தளத்தில் கட்டணமின்றி நடத்துகின்றனர். புதுநத்தம் சாலையில் 2023இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம் அமர்ந்து படிக்க ஏற்ற இடம். தாயின் நகை அடகுக் கடைக்குச் சென்று வட்டி ஏறுமுன் இவ்வழிகளை முயன்று பாருங்கள். வட்டி நமக்குத் தடுக்கப்பட்டது என்பதை நினைவூட்டுவதும் நம் கடமை.

மிக முக்கியமானதை இறுதியாகச் சொல்கின்றோம். அனுபவம் குறைவாக இருந்தால், தெரிந்த ஒப்பந்தக்காரரிடம் பொய்க் கடிதம் வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்வோர் உண்டு. பி.எம்.ஐ. சில விண்ணப்பங்களைத் தணிக்கைக்கு எடுத்து, மேலதிகாரிகளின் உறுதிமொழியைக் கேட்கின்றது. ஆனால் தணிக்கைக்கு அஞ்சி மட்டும் நாம் இதைச் சொல்லவில்லை. 2021 ஆகஸ்டில் நம் நத்தம் சாலை மேம்பாலம் கட்டப்பட்டுக்கொண்டிருந்தபோது ஒரு பகுதி இடிந்து விழுந்து, பிழைப்புத் தேடி வந்த தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். அத்தகைய வேலைத்தளத்தைப் பொறுப்பேற்பவரின் ஒவ்வொரு கையொப்பத்தின் கீழும் யாரோ ஒருவரின் உயிர் நிற்கின்றது. இல்லாத அனுபவத்தை இருப்பதாகக் காட்டி அப்பொறுப்பை ஏற்பது அமானிதத்திற்குச் செய்யும் துரோகமாகும். அவ்வழியில் வரும் ஊதியத்தில் பரக்கத்தை எப்படி எதிர்பார்ப்பது?

ஜமாஅத் நிர்வாகிகளுக்கு இரண்டு வேண்டுகோள்கள். வெளிநாட்டிலிருந்து விடுப்பில் வரும் நம் பொறியாளர்களை ஒரு மாலை நேரம் இளைஞர்களுடன் அமர வையுங்கள். தகுதியும் முயற்சியும் உள்ள ஏழைப் பிள்ளைகளின் தேர்வுக் கட்டணத்திற்கு வட்டியில்லாக் கடன் தருவது பற்றி ஆலோசியுங்கள். திருப்பித் தரப்படும் அத்தொகை அடுத்த பிள்ளைக்கு உதவும்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், ஹலாலான சம்பாத்தியத்தையும், ஏற்ற பொறுப்பை நிறைவேற்றும் ஆற்றலையும் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.