படங்கு கட்டியவர் உள்ளே வரலாமா?

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் அண்ணன்மாரே, தூறலையும் பாராமல் குடையோடு வந்து நிற்கிற நோர்வூட் மக்களே!

எனக்கு முன்னால் பேசிய அண்ணன் 'ஆள் பாதி, ஆடை பாதி' என்று ஆரம்பித்தார். கைதட்டும் வாங்கினார். நானும்தான் தட்டினேன். தட்டிக்கொண்டே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன் ஐயா. ஆடை சரியில்லாதவர் பாதி ஆள்தான் என்றால், அவர் கடையில் வாங்குகிற சீனிக்கும் பாதிக் காசுதானே எடுக்க வேண்டும்? காசை முழுசாக எண்ணி வாங்கிக்கொண்டு ஆளை மட்டும் பாதியாக்குவது எந்த ஊர் வியாபாரம்?

கடைக்கு வருகிறவர் எப்படி உடுத்தி வரவேண்டும் என்று கடைக்காரர் விதி வைக்கக் கூடாது. எங்கள் அணி சொல்வது இதைத்தான். இந்தத் தலைப்பைக் கொழும்பில் வைத்துப் பேசினால் பேச்சு குட்டைக் காற்சட்டை, கையில்லாத சட்டை என்று போகும். நோர்வூட்டில் பேசினால் நேரே மலைக்குத்தான் ஏறும். ஏறட்டும்.

அந்திக் கொழுந்து நிறுத்து முடிந்ததும் மலையிலிருந்து இறங்குகிற ஓர் அக்காவைப் பாருங்கள். இடுப்பில் படங்கு என்கிற முரட்டுத் துணி. தேயிலைச் செடிகளுக்குள் நுழைந்து நுழைந்து அதன் முன்பக்கம் தேய்ந்து, ஓரம் நூல்நூலாகத் தொங்கும். அதற்கு மேல் மழைக்காக ஒரு பொலித்தீன். தூக்கிச் செருகின சேலைக்குள்ளே மகனுடைய பழைய காற்சட்டை. கணுக்காலில் அட்டை கடித்த இடத்தில் இரத்தம் காய்ந்திருக்கும். விரல் நுனியில் ஏறின கறுப்பு எந்தச் சவர்க்காரத்துக்கும் அசையாது. மழைக்கும் முள்ளுக்கும் அட்டைக்கும் நடுவில் நின்று கொழுந்து எடுக்க இதைவிடத் தோதான உடுப்பை எந்தக் கம்பெனியும் இன்னும் தைத்துக் கொடுக்கவில்லை. அந்த உடுப்போடுதான் அவர் டவுனுக்கு வருகிறார், மாவும் பருப்பும் பிள்ளைக்கு ஒரு கொப்பியும் வாங்க.

"வீட்டுக்குப் போய்க் குளித்து மாற்றிக்கொண்டு வந்தால் என்ன?" என்று கேட்டார் இரண்டாவதாகப் பேசிய அண்ணன். அண்ணன் டவுனில் குடியிருக்கிறார், அதனால் கேட்கிறார். அக்கா குடியிருக்கிற லயம் மலைமேலே இருக்கிறது. ஏறி, தண்ணீர் பிடித்து, குளித்து, மாற்றி, திரும்ப இறங்கி வந்தால் கடை சாத்தியிருக்கும், கடைசி பஸ்ஸும் பொகவந்தலாவைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

ஹட்டன் பக்கம் ஒரு கடை. பெயர் வேண்டாம். கண்ணாடிக் கதவு, வெள்ளை டைல்ஸ், வாசலில் ஒரு செக்யூரிட்டித் தம்பி. படங்கோடு வந்த என் அம்மாவைப் பார்த்து, "ஆச்சி, நீங்க இங்கேயே நில்லுங்க, என்ன வேணும்னு சொல்லுங்க, நாங்க எடுத்துட்டு வந்து தர்றோம்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அந்த மரியாதைதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. வாசலில் நின்றவருக்கு எந்தச் சாமான் மலிவு என்று தெரியுமா? இரண்டு பக்கற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடை பார்க்க முடியுமா? காலாவதித் திகதியைத் திருப்பிப் பார்க்க முடியுமா? விலைப்பட்டியலைக் கண்ணில் படும்படி மாட்ட வேண்டும் என்று 2003 ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் சொல்கிறது. மாட்டியிருக்கிறார்கள் ஐயா, உள்ளே, அழகாக, சட்டம் போட்டு. அம்மாவை வெளியே நிறுத்திவிட்டால் அந்தப் பட்டியல் யார் கண்ணுக்கு? 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என்று நிர்ணயித்தார்கள். அப்படியான சம்பளத்தை வைத்துக்கொண்டு சாமான் வாங்குகிறவருக்கு இந்த நாட்டில் எல்லோரையும்விட விலை பார்த்து வாங்கும் தேவை இருக்கிறது.

இப்போது அதே வாசலில் இன்னொருவரைப் பார்ப்போம். டிசம்பரிலிருந்து மே வரைக்கும் சிவனொளிபாத மலைக்குப் போகிற வெள்ளைக்காரர்கள் இந்த வழியாகத்தான் மஸ்கெலியாவுக்குப் போகிறார்கள். அரைக் காற்சட்டை, கையில்லாத பனியன், சப்பாத்தில் மலையேறின சேறு. எந்தச் செக்யூரிட்டியாவது நிறுத்தினதைப் பார்த்திருக்கிறீர்களா? கதவையே பிடித்துக்கொண்டு நிற்பார். அப்படியானால் அம்மாவின் காலில் இருப்பது சேறு, அவர் காலில் இருப்பது உல்லாசப் பயணத்துறையா? உடை விதி என்று ஒன்று உண்மையிலேயே இருந்தால் அது இரண்டு பேரையும் நிறுத்தியிருக்க வேண்டும். அது ஒருவரை மட்டும் நிறுத்துகிறது என்றால், பார்க்கப்பட்டது உடை இல்லை என்பது சின்னப் பிள்ளைக்கும் விளங்கும்.

இன்னும் ஒன்று கேட்கிறேன். தோட்டங்களில் தீபாவளி அட்வான்ஸ் கொடுக்கிற வாரத்தில் இந்த உடை விதி எங்கே போய் ஒளிகிறது? ஹட்டன் டவுனில் லவுட்ஸ்பீக்கர் கட்டி, "வாங்க அக்கா, வாங்க அண்ணே, தோட்டத்து உறவுகளே வாங்க" என்று கூப்பிடுகிறார்களே, அப்போது படங்கு தெரியவில்லையா? அட்வான்ஸ் கையில் இருக்கும்வரை உறவு. முடிந்ததும் ஆச்சி, இங்கேயே நில்லுங்க.

எதிரணியின் பெரிய ஆயுதம், "கடை என் சொத்து, என் சொத்துக்குள் யார் வரலாம் என்பது என் இஷ்டம்" என்பது. இதற்குச் சட்டத்தைத்தான் பதிலாக வைக்க வேண்டும். இலங்கை அரசியலமைப்பின் 12 ஆம் உறுப்புரையில் 3 ஆம் பந்தியைப் படித்துப் பாருங்கள். இனம், மதம், மொழி, சாதி, பால் ஆகிய எந்தக் காரணத்துக்காகவும் கடைகளுக்கோ, உணவகங்களுக்கோ, ஹோட்டல்களுக்கோ போகிற ஒருவருக்குத் தடையோ நிபந்தனையோ போடக் கூடாது என்கிறது. கவனியுங்கள் ஐயா, நாட்டின் அரசியலமைப்பில் கடை என்று பெயர் சொல்லி எழுதியிருக்கிறார்கள். கடை வெறும் தனிச்சொத்து என்றால் அரசியலமைப்புக்கு அங்கே என்ன வேலை?

வேலை இருந்தது. தேநீர்க் கடைக்குள் ஒரு சாதி உட்கார்ந்து குடிக்க, இன்னொரு சாதி வெளியே நின்று போத்தலில் வாங்கிக் குடித்த நாடு இது. 1957 இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தும் நிற்கவில்லை. 1960களில் யாழ்ப்பாணத்தில் தேநீர்க் கடைக்குள் நுழைவதற்கே போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. அடி வாங்கினார்கள், உயிரும் போனது. அந்தக் கடைகளில் ஆவி பறந்த தேயிலை எந்த மலையிலிருந்து போனது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கடைக்காரர்களும் அன்றைக்கு இதே வசனத்தைத்தான் சொல்லியிருப்பார்கள்: என் கடை, என் இஷ்டம்.

"சரி, அந்தப் பட்டியலில் உடை இல்லையே" என்று சட்டம் படித்த அண்ணன் சிரிக்கிறார். இல்லைதான். அதனால்தான் பயப்படுகிறேன். சாதியைச் சொல்லி நிறுத்தினால் வழக்கு வரும். 'தோட்டத்தாள்' என்று சொல்லி நிறுத்தினால் ஊர் திரளும். உடையைச் சொல்லி நிறுத்தினால் ஒன்றும் வராது. முன் கதவில் பூட்டுப் போட்டாயிற்று, பின் கதவு இந்த உடை விதி.

இதை நான் கற்பனை பண்ணிச் சொல்லவில்லை. 19 ஆம் நூற்றாண்டில் தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை போட்டுக்கொண்டு சந்தைக்கு வந்தார்கள் என்பதற்காக அந்தத் துணியைச் சந்தையிலேயே கிழித்தார்கள். 1859 இல் மன்னர் அனுமதி கொடுத்தபோதும், மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்று ஒரு வால் ஒட்டித்தான் கொடுத்தார்.

கிட்டத்துக்கு வருவோம். 2014 ஜூலையில் சென்னையில், சேப்பாக்கம் கிரிக்கெட் சங்கக் கிளப்பில் ஒரு புத்தக வெளியீடு. உயர் நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமன் வேட்டி கட்டிக்கொண்டு போனார். வாசலில் நிறுத்தி அனுப்பிவிட்டார்கள். தமிழ்நாட்டில், தமிழ் நீதிபதியை, வேட்டி கட்டினதற்காக. சட்டசபை கொந்தளித்தது. அடுத்த மாதமே ஜெயலலிதா அரசு சட்டம் கொண்டுவந்தது. வேட்டியோ இந்தியாவின் வேறு பாரம்பரிய உடையோ கட்டி வருகிறவரைப் பொது இடத்தில் தடுத்தால் உரிமம் போகும், ஒரு வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம்.

நல்ல சட்டம். நானும் கைதட்டுவேன். ஆனால் ஒன்றைப் பாருங்கள். நிறுத்தப்பட்டவர் நீதிபதியாக இருந்ததால் ஒரே மாதத்தில் சட்டம் வந்தது. 2023 மார்ச்சில் அதே சென்னையில் ஒரு தியேட்டர் வாசலில் நரிக்குறவர் குடும்பத்தைக் கையில் டிக்கெட் இருந்தும் உள்ளே விடவில்லை. எதிர்ப்புக் கிளம்பின பிறகுதான் விட்டார்கள், வீடியோவும் பரவியது. 2024 ஜூலையில் பெங்களூரில் ஒரு விவசாயி மகனோடு ஒரு மாலுக்குப் படம் பார்க்கப் போனார். வேட்டி கட்டியிருக்கிறார் என்று அந்த மாலில் நிறுத்திவிட்டார்கள். அங்கேயும் வீடியோ. கர்நாடக அரசு அந்த வளாகத்தை ஏழு நாள் மூடச் சொன்னது. நீதிபதிக்குச் சட்டம் கிடைத்தது, விவசாயிக்கு வீடியோ கிடைத்தது. அந்தத் தமிழ்நாட்டுச் சட்டம்கூட வேட்டியையும் பாரம்பரிய உடையையும்தான் காப்பாற்றுகிறது. நம்முடைய சாரத்தையும் படங்கையும் பாரம்பரிய உடை என்று எந்த அரசாங்கம் ஒத்துக்கொள்ளும்?

எதிரணித் தலைவர் பிரித்தானியாவுக்குப் போய் ஓர் ஆதாரம் கொண்டுவந்தார். 2010 இல் கார்டிஃப் நகரில் ஒரு டெஸ்கோ கடை, இரவு உடுப்போடும் வெறுங்காலோடும் வராதீர்கள் என்று அறிவித்தல் ஒட்டியதாம். உண்மைதான். சோம்பலில் பைஜாமாவோடு வருகிறவர் வீட்டு அலுமாரியில் வேறு உடுப்பு தொங்கும், மாற்ற நேரமும் இருக்கும். வெறுங்கால் என்றீர்களே அண்ணே, அதை இந்த மேடையில் நின்று எப்படிச் சொல்ல மனம் வந்தது? வெறுங்காலோடு மலை ஏறின தலைமுறை இதோ முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறது.

பிறகு நுவரெலியா ஹில் கிளப்பைச் சொன்னார். 1876 இல் வெள்ளைக்காரத் துரைமார் தொடங்கின கிளப். இரவு ஏழு மணிக்கு மேல் ஆண்கள் கோட்டும் டையும் போட வேண்டும். போட்டுக்கொள்ளட்டும்! அங்கத்தவர்கள் கூடித் தங்களுக்கு வைத்துக்கொண்ட விதி, அங்கே சாப்பிடாவிட்டால் யார் வீட்டிலும் அடுப்பு அணையாது. அரிசிக்கடை அப்படியா? இன்னொரு சங்கதியும் உண்டு. கோட்டு இல்லாமல் வருகிறவருக்கு அந்தக் கிளப்பே இரவல் கோட்டும் டையும் கொடுக்கும். ஹட்டன் கண்ணாடிக் கதவுக்காரர் என் அம்மாவுக்கு ஒரு சேலை இரவல் கொடுப்பாரா? துரை எதிரில் வந்தால் குடையை மடக்கு, செருப்பைக் கழற்று, தலைத்துண்டை இறக்கு என்று இருந்த காலத்தைப் பாட்டன்மார் சொல்லிக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். துரை போய்விட்டார். அவருடைய கண்ணை மட்டும் நம்மவர் எடுத்து மாட்டிக்கொள்ள வேண்டுமா?

கோயிலில் உடை விதி இல்லையா என்று கேட்பார்கள். கோயிலுக்கு நான் சாமியைப் பார்க்கப் போகிறேன், என்னைக் கொடுக்கப் போகிறேன். கடைக்குக் காசைக் கொடுக்கப் போகிறேன். காசு குளித்துவிட்டுத்தான் வந்திருக்கிறது.

ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு வா என்றால் கழற்றுகிறோம், களவு பயம் நியாயம். தேயிலைத் தொழிற்சாலைக்குள் தலையை மூடு, காலணியை மாற்று என்றால் செய்கிறோம், அது சாமான் சுத்தம். சேறு படும் என்றால் வாசலில் ஒரு சாக்கையும் ஒரு தண்ணீர்க் குழாயையும் வையுங்கள். நோர்வூட்டில் மூத்த முதலாளிமார் அப்படித்தான் வைத்திருந்தார்கள், மழைக்கு ஒதுங்கக் கடைத் திண்ணையும் கொடுத்தார்கள். காரணம் பொருளில் இருந்தால் விதி செல்லும். காரணம் ஆளைப் பார்த்து வருகிற அருவருப்பாக இருந்தால் செல்லாது.

அந்த அருவருப்பு நம்மோடு நிற்கவும் நிற்காது. 2019 ஏப்ரல் குண்டு வெடிப்புக்குப் பிறகு முகத்தை மூடுவதைத்தான் அரசாங்கம் தடை செய்தது. முகம் தெரிய முக்காடு மட்டும் போட்டிருந்த முஸ்லிம் அக்காமாரையும் கடைகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் நிறுத்தினார்கள். சட்டம் ஒரு முழம் சொன்னால் வாசலில் நிற்கிறவர் ஒன்பது முழம் அளப்பார். இந்த டவுனில் நம்முடைய கஷ்டத்துக்குக் கடன் கொப்பி எழுதிச் சாமான் கொடுத்தவர்களில் முஸ்லிம் முதலாளிமாரும் உண்டு. அவர்கள் வீட்டுப் பெண்களுக்கு அன்றைக்கு நடந்ததைப் பார்த்தும் இந்த விதி வேண்டுமென்றால் நான் என்ன சொல்ல?

நடுவர் ஐயா மணியைத் தொடுகிறார், முடிக்கிறேன். எதிரணியில் அடுத்துப் பேச வருகிற அண்ணன் டவுனில் கடை வைத்திருப்பவர். அவரிடம் ஒரே ஒரு வேண்டுகோள். உடை விதி வேண்டும் என்கிறீர்கள். அப்படியானால் ஒரு போர்டு எழுத வேண்டும். 'பொருத்தமான உடை' என்று மழுப்பாமல், எந்தெந்த உடுப்புக்கு உள்ளே இடம், எதற்கு இல்லை என்று தமிழிலும் சிங்களத்திலும் தெளிவாக எழுத வேண்டும். படங்கு என்ற சொல் அந்தப் போர்டில் எந்தப் பக்கம் வரும் என்பதை மட்டும், இந்த மைக்கில், முன் வரிசையில் இருக்கிற ஆச்சிமாரின் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, பிறகு உங்கள் வாதத்தைத் தொடங்குங்கள் அண்ணே.