கடல் கடந்து கற்கச் செல்வோர் போட வேண்டிய கணக்கு

(சங்கத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

வெளிநாடு சென்று படிக்கலாமா என்று நம் குளத்தூர்ப் பிள்ளைகள் கேட்கத் தொடங்கியிருக்கின்றனர். கேட்பது அவர்கள் உரிமை. அதற்குரிய செலவைக் கணக்கிட்டுச் சொல்வது நம் கடமை. கணக்குத் தெரியாமல் கழனியை அடகு வைத்த பிறகு வருந்திப் பயனில்லை. கணக்குக்கு அஞ்சி ஆசையையே விட்டுவிடுவதும் நமக்கு அழகன்று.

இக்கணக்கை நமக்கு வாழ்ந்து காட்டியவர் அண்ணல் அம்பேத்கர். 1913ஆம் ஆண்டில் பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட், மூன்றாண்டுகளுக்கு மாதம் பதினொன்றரைப் பவுன் வீதம் அவருக்கு உதவித்தொகை வழங்கினார். படிப்பு முடிந்ததும் பரோடா அரசில் பத்தாண்டுகள் பணிபுரிய வேண்டும் என்பது உடன்படிக்கை. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்ற அண்ணல், 1916இல் இலண்டன் சென்றார். 1917இல் உதவித்தொகைக் காலம் முடிந்தது. படிப்பைப் பாதியில் நிறுத்தி ஊர் திரும்பினார். அறிவுக் குறையால் அப்படிப்பு நிற்கவில்லை. பணக் குறையால் நின்றது.

அவர் சோர்ந்துவிடவில்லை. 1918 முதல் 1920 வரை பம்பாய் சிடனாம் கல்லூரியில் மாதம் 450 ரூபாய் ஊதியத்தில் பேராசிரியராக இருந்து, சிக்கனமாய் வாழ்ந்து பணம் சேர்த்தார். அச்சேமிப்போடு கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜின் உதவியும், நண்பர் நவல் பத்தேனாவிடம் பெற்ற 5,000 ரூபாய்க் கடனும் சேர்ந்தன. 1920இல் மீண்டும் இலண்டன் சென்று, பாரிஸ்டர் பட்டமும் 1923இல் பொருளாதாரத்தில் டாக்டர் பட்டமும் பெற்றார். சொந்தச் சேமிப்பு, பிறர் உதவி, திருப்பித் தரக்கூடிய கடன் ஆகிய இம்மூன்றும் சேர்ந்ததே அவருடைய வரவுப் பக்கம்.

செலவுப் பக்கத்தில் நம்மவர் மறப்பது இரண்டு. முதலாவது, வீட்டுச் செலவு. அண்ணல் இலண்டனில் அரை வயிற்றோடு படித்தபோது, பம்பாயில் அன்னை இரமாபாய் பெரும் நெருக்கடியில் குடும்பத்தை நடத்தினார். சம்பாதிக்க வேண்டிய வயதில் பிள்ளை படிக்கப் போனால் வீட்டுக்கு வரும் வருமானம் குறையும். அதையும் கணக்கில் எழுத வேண்டும்.

இரண்டாவது, நாணய மாற்று மதிப்பு. 1920இன் தொடக்கத்தில் ஒரு ரூபாய்க்கு இரண்டு ஷில்லிங்குக்கு மேல் கிடைத்தது. அதாவது, பத்து ரூபாய்க்கும் குறைவாக ஒரு பவுன் வாங்கலாம். 1921இல் ரூபாயின் மதிப்பு ஒரு ஷில்லிங் நான்கு பென்சுக்கும் கீழே இறங்கியது. அதே பவுனுக்குப் பதினைந்து ரூபாய்க்கு மேல் கொடுக்க நேர்ந்தது. அண்ணல் தம் ஆய்வுக்கு ரூபாயின் சிக்கலையே பொருளாக எடுத்துக்கொண்டார். ஆகவே, இன்றைய மாற்று மதிப்பை மட்டும் நம்பித் திட்டமிடாதீர்கள். பத்தில் ஒரு பங்காவது கூடுதலாக ஒதுக்குங்கள்.

இனி, இன்றைய நிலையைக் காண்போம். மத்திய அரசின் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகையில் ஆண்டுக்கு 125 இடங்கள் உள்ளன. அவற்றுள் 115 பட்டியல் சாதியினர்க்கு உரியவை. முதுகலை, ஆராய்ச்சிப் படிப்புகளுக்கே இது உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் 8 இலட்சம் ரூபாய்க்கு மிகலாகாது; வயது 35க்குள் இருத்தல் வேண்டும்; தகுதித் தேர்வில் 60 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். கல்விக் கட்டணம், விமானக் கட்டணம், மருத்துவக் காப்பீடு ஆகியவற்றை அரசே ஏற்கிறது. தமிழ்நாடு அரசின் ஆதிதிராவிடர் நலத்துறை, அண்ணல் அம்பேத்கர் பெயரிலான அயலக உயர்கல்வித் திட்டத்தில் ஆண்டுக்கு 36 இலட்சம் ரூபாய் வரை வழங்குகிறது. விதிகள் மாறக்கூடியவை, விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிக்கையைப் படித்தே செயல்படுக.

உதவித்தொகை கிடைத்தாலும் கணக்கு முடிவதில்லை. மத்தியத் திட்டத்தில் பிரிட்டனில் பயில்வோர்க்கு வாழ்க்கைச் செலவுக்கென ஆண்டுக்கு 9,900 பவுன் தரப்படுகிறது. மாதத்துக்கு 825 பவுன். ஆனால், 2025 ஜனவரியில் அந்நாட்டு அரசு மாணவர் விசாவுக்கு மாதச் செலவாக வைத்த அளவு இலண்டனில் 1,483 பவுன், பிற ஊர்களில் 1,136 பவுன். எந்த ஊரில் படிப்பது என்பதிலேயே பாதிக் கணக்கு அடங்கியுள்ளது. ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. எனினும், 2024 செப்டம்பர் முதல் ஓராண்டுச் செலவுக்கு 11,904 யூரோவை முன்கூட்டியே முடக்கக் கணக்கில் செலுத்திக் காட்ட வேண்டும் என்பது விதி.

அரசுப் பணம் காலத்தில் வரும் என்றும் இருந்துவிட முடியாது. 2025இல் மத்திய உதவித்தொகைக்குத் தேர்வான 106 பேருள் முதலில் 40 பேருக்கே ஆணை கிடைத்தது. எஞ்சியோர் நிதி ஒப்புதலுக்காகக் காத்திருக்க நேர்ந்தது.

வங்கிக் கடனை நாடுவோர் ஒன்றை அறிக. வெளிநாட்டுப் படிப்புக்கு 4 இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கடனில், பொதுவான விதிப்படி 15 விழுக்காட்டைக் குடும்பமே போட வேண்டும். 20 இலட்சம் ரூபாய்ச் செலவென்றால் 3 இலட்சம் நம் கையிலிருந்து வர வேண்டும். படிக்கும் காலத்திலும் வட்டி ஏறும். அங்கே வேலை செய்து அடைத்துவிடலாம் என்று தரகர் சொல்லும் சொல்லை நம்பிக் கையொப்பம் இடாதீர்கள். பிரிட்டனில் பட்டப் படிப்பு மாணவர், பாடம் நடைபெறும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரமே வேலை செய்யலாம். அவ்வருவாய் உணவுக்கு உதவலாம், கட்டணத்துக்கு ஆகாது.

இறுதியாக, சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். கடவுச்சீட்டு, ஆங்கிலத் தகுதித் தேர்வு, விண்ணப்பக் கட்டணம் ஆகிய தொடக்கச் செலவுகள் உதவித்தொகை கைக்கு வருமுன்னே வந்து நிற்பவை. நம் பிள்ளைகள் பலர் தடுமாறுவது இந்த முதற்படியில்தான். ஆகவே, இவ்வெள்ளி விழாவின் நினைவாகச் சுழல் நிதி ஒன்றை நிறுவுவோம். வட்டியில்லாமல் கொடுப்போம், பெற்றவர் வேலைக்குச் சென்றதும் திருப்பித் தரட்டும், அப்பணம் அடுத்த பிள்ளைக்குச் செல்லட்டும். நவல் பத்தேனா ஒருவர் செய்ததை நாம் பலர் கூடிச் செய்ய இயலாதா?

இளைஞர்களே, இன்றிரவே ஒரு குறிப்பேட்டை எடுங்கள். ஒரு பக்கம் வரவு, மறு பக்கம் செலவு என்று எழுதுங்கள். துண்டு விழும் தொகை எவ்வளவு என்று கண்டு, அதனை அஞ்சாது சங்கத்தின் முன் கொண்டு வாருங்கள். நிரப்பும் வழியை நாம் கூடித் தேடுவோம்.